பலாலி வானும் ஆபத்துக் கணக்கும்

1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த இரு நாள்களில் இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு அருகே ஏவுகணைக்கு இலக்காகி விழுந்தன. 1998 செப்டெம்பர் 29 அன்று, லயன் எயாரின் அன்டனோவ் 24 பயணிகள் விமானம் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பியது. அதையும் ஏவுகணை வீழ்த்தியது. இரணைதீவுக் கடலில் 55 பேரும் மாண்டார்கள். வடக்கு வானில் என்ன காத்திருக்கிறது என்பது மூன்று ஆண்டுகளாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் சனங்கள் ஏன் ஏறினார்கள்?

தெற்கே போகும் கண்டி வீதி அப்போது மூடிக் கிடந்தது. கப்பலை விட்டால் விமானம்தான். கொழும்பில் வைத்தியம், கடவுச்சீட்டு அலுவல், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் போகும் அவசரம். இப்படி ஒவ்வொருவருக்கும் தள்ளிப்போட முடியாத காரியம் ஒன்று இருந்தது.

கிளம்புவதா வேண்டாமா என்று எடைபோட, சிறிய விமானம் ஓட்டுவோருக்கு இன்று ஓர் ஆபத்துக் கணக்குத்தாள் உண்டு. விமானி, விமானம், சூழல், வெளியழுத்தம் என்று நான்கு தலைப்புகளை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. சில இடங்களில் ஒவ்வொன்றுக்கும் புள்ளியிடுவார்கள். நித்திரை குறைவா, இத்தனை புள்ளி. பழக்கமில்லாத ஓடுபாதையா, இன்னும் கொஞ்சம். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், அல்லது பறப்பு இல்லை.

இதன் பெரிய நன்மை, எல்லைக்கோடு முன்கூட்டியே வரையப்படுவதுதான். ஆற அமர வீட்டில் எடுத்த முடிவு, இயந்திரம் உறுமத் தொடங்கியபின் எடுக்கும் முடிவைவிடத் தெளிவானது. இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் பட்டியலின் மதிப்புக்கு 1935இல் விழுந்த போயிங் 299 சாட்சி. தேர்ந்த விமானிகள் கட்டுப்பாட்டுப் பூட்டை விடுவிக்க மறந்தார்கள். விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் பரவியது அதன் பிறகுதான்.

ஆனால் கூட்டல் ஏமாற்றும். ஒன்பது நல்ல விடைகளுக்குள் உயிரை எடுக்கும் ஒன்று மறைந்துகொள்ளும். 1999 ஜூலை 16 இரவு அமெரிக்க முன்னாள் ஜனாதிபதியின் மகன் ஜோன் கென்னடி இளையவர், மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு ஒரு திருமணத்துக்காகப் பறந்தார். கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதிச் சான்று அவரிடம் இல்லை. புகார் படர்ந்த கடலின் மேல் அடிவானம் தெரியவில்லை. மேல் எது கீழ் எது என்று உடல் சொன்னது பொய்யாயிற்று. மூவரும் இறந்தனர். சட்டப்படி அந்தப் பறப்புக்குத் தடையில்லை. நிலவில்லாத இரவில் பாக்கு நீரிணையும் அப்படியொரு கறுப்புத் திரைதான்.

இன்னொரு குறை, தாள் தரையிலேயே முடிந்துவிடுவது. மாரியில் சென்னையில் பார்த்த வானம் வேறு, பலாலியை நெருங்கும்போது எதிர்ப்படும் வானம் வேறு. திட்டமிடும்போது, கிளம்புமுன், பாதி வழியில், இறங்கத் தொடங்குமுன், ஓடுபாதைக்கான கடைசி அணுகலுக்குச் சற்று முன் என ஐந்து தடவை மறுபடி கணக்குப் பார்க்கும் முறை ஒன்றும் உண்டு. புள்ளித்தாளைவிட இதுவே உருப்படியானது. திரும்பிப் போகும் வழி இன்னும் திறந்திருக்கும்போதே அது விமானியைக் கேட்கிறது.

ஐந்து தடவை பார்க்கும் முறையில் பயணியும் ஒரு தலைப்பு. எனினும் நான்கு தலைப்புத் தாளில் பயணிக்குத் தனி இடம் இல்லை. அங்கே பயணியின் தேவை, வெளியழுத்தம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சுருங்கி, விமானியின் மனச்சுமையாக மட்டும் எண்ணப்படுகிறது. அன்டனோவில் ஏறியவர்களுக்கு முன் அந்த ஆபத்தை விரித்துக் காட்டி, வேண்டாம் என்று சொல்ல இடங்கொடுக்கும் தலைப்பு அந்தத் தாளில் கிடையாது.

2012இல் கடலடியில் அந்த அன்டனோவின் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மீட்ட உடைகள் யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, பதினைந்து ஆண்டு உப்புநீரில் கிடந்த துணிகளில் தம்மவரின் அடையாளத்தைத் தேடிக் குடும்பங்கள் வந்து நின்றன.