சொல் புரிகிறது, சிரிப்பு வரவில்லை: 'தீபன்' படமும் நம் மொழிபெயர்ப்பு வகுப்பும்

ஒரு மொழி நமக்கு வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை வைத்தா? அந்த மொழியில் யாராவது ஜோக் சொன்னால், விளக்கம் கேட்காமல் சிரிக்க முடிகிறதா என்பதுதான் சரியான சோதனை. இந்தச் சோதனையை மிக எளிமையாகக் காட்டும் ஒரு காட்சி 'தீபன்' திரைப்படத்தில் இருக்கிறது.

பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் இயக்கிய இப்படம் 2015-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. பிரான்ஸில் எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் பேச்சில் பெரும்பகுதி ஈழத்தமிழ். தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவரும் அகதியாகப் பிரான்ஸ் போனவரே. ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி ஆகிய மூவரும் இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டில், ஒரே குடும்பம் என்று சொல்லிப் பிரான்ஸுக்குள் நுழைகிறார்கள். பாரிஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீபனுக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது.

சிரிக்காத மனிதர்

வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் பேசிச் சிரிக்கிறார்கள். தீபனுக்குச் சொற்கள் புரிகின்றன, சிரிப்புதான் வரவில்லை. இதை யாழினியிடம் குறையாகச் சொல்கிறார். அவளோ, பிரச்சினை மொழியில் இல்லை, உங்களுக்குத் தமிழிலேயே நகைச்சுவை வராதே என்கிற பொருளில் போட்டு உடைக்கிறாள். அதுவரை நடிப்புக்குக் கணவன் மனைவியாக இருந்தவர்கள் நெருங்கத் தொடங்குவது இது போன்ற பேச்சுகளில்தான். பிரெஞ்சு ஜோக் புரியாத குறை, தமிழில் ஒரு ஜோக்காக மாறிவிடுகிறது. படத்தில் மொழி பற்றிய மிக நுட்பமான இடம் இதுவே.

நகைச்சுவையைப் பயன்படுத்தும் இன்னொரு தமிழ்ப் படத்தோடு இதை ஒப்பிடலாம். பாக்யராஜின் 'இன்று போய் நாளை வா' (1981) படத்தில் வரும் இந்தி வகுப்பை மறக்க முடியுமா? 'ரஹ்தா தா' என்பது 'ரகு தாத்தா' ஆகிவிடும். பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் விழுங்கும் மனப்பாடத்தின் மீதான கேலி அது. அங்கே மாணவன் தனக்குத் தெரிந்த தமிழ் ஒலிக்குள் இந்தியைத் திணிக்கிறான். இங்கே தீபனுக்குப் பொருள் தெரிகிறது, பழக்கம் தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு தடைகள். நம் வகுப்புகளில் முதல் தடையைத் திருத்துகிறோம். இரண்டாவதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை.

பிரெஞ்சை வைத்துத் தமிழைப் பார்க்கலாம்

நம் நாட்டில் சில இடைநிலைப் பள்ளிகளில் பிரெஞ்சு பன்னாட்டு மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. அதைப் படிக்காத மாணவர்களோடும் இந்த விளையாட்டுகளை ஆடலாம்.

1. பசியாறிட்டீங்களா? நாம் அன்றாடம் கேட்கும் கேள்வி. பிரெஞ்சில் காலை உணவு 'பெத்தி தெஜனே'. 'தெஜனே' என்ற சொல்லின் மூலப்பொருள் நோன்பை முறிப்பது. பசியை ஆற்றுவதும் நோன்பை முறிப்பதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள்!

2. முயலும் அல்வாவும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனைப் பற்றி, 'முயலை வைத்துவிட்டான்' என்பார்கள் பிரெஞ்சுக்காரர்கள். நாம் 'அல்வா கொடுத்துட்டான்' என்போம். இரண்டையும் சொல்லுக்குச் சொல் மாற்றிப் பார்த்தால் வகுப்பே சிரிக்கும். மரபுத்தொடரை ஏன் அப்படியே பெயர்க்கக்கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

3. மேசை வந்தாள். பிரெஞ்சில் மேசையும் நாற்காலியும் பெண்பால், புத்தகம் ஆண்பால். அதைத் தமிழில் கொண்டுவந்தால் 'மேசை உடைந்தாள், புத்தகம் கிழிந்தான்' ஆகும். சிரித்து முடித்ததும் கேளுங்கள்: இது எந்த வழு? உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு ஒரே நொடியில் விளங்கும்.

4. தொண்ணூற்றொன்பது. பிரெஞ்சில் இதை 'நான்கு இருபது, பத்தொன்பது' என்று எண்ணுவார்கள். விநோதமாக இருக்கிறதா? நம் தொண்ணூறுக்குள் நூறு ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். ஒன்பதும் பத்தும் சேர்ந்து தொண்ணூறு ஆகும் புணர்ச்சி விதியைச் சொல்லித்தர அதுவே நல்ல தொடக்கம்.

5. நீயா, நீங்களா? பிரெஞ்சிலும் ஒருமைக்கு 'தியூ', பன்மைக்கும் மரியாதைக்கும் 'வூ'. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாட்டைத் தமிழ் மாணவர் எளிதில் பிடித்துக்கொள்வார்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

ஒரு எச்சரிக்கை அவசியம். மொழியைப் பார்த்துச் சிரிப்பது வேறு, பேசுபவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. படத்தில் ஒன்பது வயது இளையாள் பள்ளிக்குப் போய்ப் பிரெஞ்சைப் பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் விளையாட்டில் சேர்க்காதபோது அவளுக்கு அந்த மொழி எதுவும் உதவவில்லை, கைதான் பேசுகிறது. பைராம் தோட்டம் போன்ற இடங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளும் வீட்டில் தமிழ், கடையில் மலாய், நண்பர்களிடம் கொஞ்சம் ஹொக்கியன் என்று நாள் முழுக்க மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறவர்கள். கிளினிக்கில் பாட்டிக்காகப் பேசுவதும் அவர்கள்தான். அப்படிப்பட்ட பிள்ளை 'தப்பாவ் பண்ணிட்டேன்' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்துக் கேலி செய்வதா? அது எங்கிருந்து வந்த சொல், கட்டுரையில் அதற்கு ஈடாக எதை எழுதலாம் என்று கேட்பதா? 'பொட்டலம் கட்டி வாங்கினேன்' என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்தால், அது மறக்காது.

படத்துக்கு வருவோம். மொழியின் வழியே மெல்ல மெல்ல உருவாகும் குடும்பத்தை இவ்வளவு அக்கறையாகக் காட்டிய ஓதியார், இறுதிப் பகுதியில் அதைக் கைவிட்டு வெட்டுக்குத்துக்குப் போய்விடுகிறார். பிறகு இங்கிலாந்தில் ஓர் அமைதியான முடிவை ஒட்டவைக்கிறார். அங்கே எந்த மொழியில் வாழ்கிறார்கள், மறுபடி முதலிலிருந்து கற்றார்களா என்று படம் யோசிக்கவே இல்லை. என் பார்வையில் இதுதான் படத்தின் பெரிய குறை.

வன்முறை இருப்பதால் முழுப் படத்தையும் மாணவர்களுக்குப் போட வேண்டாம். ஆசிரியர்கள் முதலில் பார்த்து, மேற்சொன்ன பேச்சுக் காட்சியை மட்டும் வகுப்பில் பயன்படுத்தலாம். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: உங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கும் ஒரு ஜோக்கை மலாயில் எழுதுங்கள். சிரிப்பு எந்த இடத்தில் கழன்று விழுந்தது, அதற்குக் காரணம் சொல்லா, ஒலியா, பழக்கமா என்று ஐந்து வரியில் விளக்குங்கள்.