மீப்பாய்: ஒரு சொல்லும் நம் பெருமிதமும்

விழா மலர்களில் சோழர் கப்பல் என்று ஒரு படம் தவறாமல் வரும். மூன்று பாய்மரம், அடுக்கடுக்காய்ப் பாய்கள், உச்சியில் புலிக்கொடி. கொடியை எடுத்துவிட்டால் அது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கப்பல். பாத்திர வியாபாரியான எனக்கே இது தெரிகிறது.

ஆதாரம் கேட்டால் புறநானூற்று 30ஆம் பாட்டைக் காட்டுவார்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. அதில் 'மீப்பாய்' என்று ஒரு சொல். மீ என்றால் மேல். மேல்பாய் இருந்தால் கீழ்ப்பாயும் இருக்கணும். ஆகவே அடுக்குப்பாய் தமிழன் கண்டது என்று முடித்துவிடுவார்கள். மறைப்பானேன், நானும் ஒரு மேடையில் அப்படி முழங்கியவன்தான். இறங்கி வந்ததும் ஒரு பள்ளிப் பையன், "மாமா, அந்தப் பாய் சதுரமா, முக்கோணமா?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு பழைய உரையோடு பாட்டை மறுபடி படித்தேன். கூம்போடு மேற்பாயையும் களையாமல், பாரத்தையும் குறைக்காமல், பெருங்கலம் ஆற்றுமுகத்தில் நுழைகிறது, அவ்வளவே செய்தி. பாய் எத்தனை, என்ன வடிவம் என்று பேச்சே இல்லை. மீப்பாய் என்பது மரத்தின் மேலே கட்டிய ஒற்றைப் பாயாகவும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லின் தலையில் நாம் ஏற்றிய சுமை அதிகம்.

ஆனால் பாட்டில் இருப்பதை நாம் கவனிக்கவில்லை. சரக்கு ஏற ஏறக் கலம் நீரில் அமிழும். ஆற்றுமுகத்திலோ மணல்திட்டு. வெளியே நிறுத்தி, பாதிச் சரக்கைப் படகுக்கு மாற்றி, பாயை இறக்கி மெல்ல வரணும். அந்தத் தொல்லை எதுவும் இங்கே வேண்டாம் என்கிறார் புலவர். துறையின் ஆழத்தை 'ஆழம்' என்ற சொல்லே இல்லாமல் சொல்லிவிட்டார். கூம்பையும் களைவது வழக்கம் என்பதால், அது இறக்கி ஏற்றக்கூடிய மரம் என்றும் ஊகிக்கலாம்.

இந்தக் கலம் பாட்டின் கடைசியில் ஏன் வருகிறது? தொடக்கத்தில், ஞாயிற்றின் வழியையும் வானத்தையும் நேரில் போய் அளந்தவர்போலப் பேசுகிறவர்கள் வருகிறார்கள். அவர்களாலும் அளக்க முடியாதவன் நலங்கிள்ளி. யானை கன்னத்தில் அடக்கிய கல்போல வலிமையை ஒளித்தவன். அரசனும் துறையும் ஒன்றே: வெளியே தெரியாத ஆழம். அடக்கத்தைப் பாடிய பாட்டை நாம் தம்பட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம்.

பழங்காலக் கலத்தின் படம் வேண்டுமென்றால் அஜந்தா 2ஆம் குகைக்குப் போங்கள். மூன்று மரங்களில் அகலத்தைவிட உயரம் மிகுந்த நாற்கோணப் பாய்கள், பின்புறம் திருப்புவதற்குத் துடுப்புகள். அதைப் பார்த்துத்தான், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய 'கௌண்டின்யா' 2025இல் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. அந்த ஓவியம் சோழர் கலமல்ல. ஆனாலும் இந்திய ஓவியன் வரைந்தது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் நாம் சொல்லித்தான் தெரிகிறது. கடையில் எடை குறைத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். இங்கே எடை கூட்டினாலும் பிள்ளைகள் போய்விடுவார்கள்.