காந்தாரி மிளகாயும் சாமைக் கொல்லையும்

ஜவ்வாது மலையில் நடக்க முடியாத ஒருவர் தொழில் தொடங்க வேண்டுமானால் அவருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? ஆழ யோசித்த விடை ஒன்று திருவனந்தபுரத்தை ஒட்டிய வெள்ளாயணி ஏரிக்கரையில் இருக்கிறது. பார்வையற்ற ஜெர்மானியப் பெண்மணி சப்ரியே டென்பெர்கெனும் பால் குரோனென்பெர்க்கும் 2009இல் அங்கே தொடங்கிய பயிற்சி நிலையத்துக்கு இப்போது காந்தாரி மிளகாயின் பெயர். உருவில் சிறுசு, உறைப்பில் பெரிசு. 1992இல் திபெத்திய மொழிக்கு பிரெய்ல் வகுத்தவர், 1998இல் லாசாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவர் சப்ரியே. பட்ட அடியையே முதலாகப் போடு என்பதுதான் அவர் நடத்தும் பாடத்தின் சாரம். திட்டம் தீட்டுவது, பணம் திரட்டுவது, மேடையில் பேசுவது என்று மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். தையல் மிஷினைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடும் நம் ஊர் வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூருக்கு இதை அப்படியே ஏற்றிவர முடியாது. பாடமொழி ஆங்கிலம் என்பதே முதல் பூட்டு. அதைவிடப் பெரிய இடறல், தனியொருவர் தலைவராகி ஓர் அமைப்பை நிறுவ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. சாமையும் புளியும் தேனும் விற்றுப் பிழைக்கும் மலையாளி எனப்படும் பழங்குடியினரின் ஊரில் தனியாக நின்று பேரம் பேசினால் விலை படியாது. சரக்கு ஒன்றுசேர்ந்தால்தான் வியாபாரி இறங்கி வருவார்.

கூட்டுக்குள் மாற்றுத்திறனாளியின் குரல் கரைந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புளியில் கொட்டை எடுக்க உட்காரவைத்து, அந்தக் கூலி வேலைக்குத் தொழில்முனைவு என்று பெயர்சூட்டும் ஆபத்து நிஜம். அதனால் நான் பார்ப்பது தராசை. மற்றவர்கள் காட்டுக்கும் கொல்லைக்கும் போன பின் ஊரோடு இருப்பவர் மாற்றுத்திறனாளி. எடையும் இருப்புக் கணக்கும் விலை விசாரிக்கும் போனும் அவரிடம் இருந்தால் அவரைத் தாண்டி ஒரு மூட்டை இறங்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணத்தைத் தனிக் கடனாகப் பிரித்துக் கொடுக்காமல் இப்படிப்பட்ட பொறுப்புகளுக்குப் போடலாம்.

ஆகவே, காந்தாரியின் உறைப்பு மலைக்கு வேண்டும். அதன் அச்சு வேண்டாம். பயிற்சி தமிழில், மலையிலேயே, அறுவடை இல்லாத மாதங்களில் நடக்கட்டும். தேறியதா என்று பார்க்கச் சான்றிதழை எண்ண வேண்டாம். ஒரு வருஷம் கழித்துப் போய் அந்தக் கூட்டின் கணக்கு நோட்டைப் புரட்டி, அடியில் யார் கையெழுத்து, யார் கைநாட்டு என்று பார்த்தால் போதும்.