அம்பாங் ஹாலில் 65 அங்குலம்

மலேசியாவில் தொலைக்காட்சி பிறந்தது ஜாலான் அம்பாங்கில்தான். 1963 டிசம்பர் 28 அன்று, அந்தச் சாலையில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து முதல் ஒளிபரப்பு கிளம்பியது. 1969இல் அங்காசாபுரிக்குக் குடிபோகும்வரை நிலையம் அங்கேதான் இருந்தது. படத்துக்கு வண்ணம் வந்து சேர 1978 டிசம்பர் ஆனது. அதுவரை கறுப்பு வெள்ளைதான், மரக்கதவு வைத்த பெட்டிதான்.

அதே சாலை கிழக்கே நீண்டு அம்பாங் பாயிண்ட் பக்கம் வரும்போது, சுற்றியுள்ள தாமான் வீடுகளிலும் ஃபிளாட்டுகளிலும் இன்று 55, 65, 75 அங்குலத் தட்டைத் திரைகள். 1997இல் பிலிப்ஸ் அமெரிக்காவில் கடைக்குக் கொண்டுவந்த 42 அங்குல பிளாஸ்மா டிவியின் விலை 14,999 டாலர். இன்று 65 அங்குல 4கே டிவியே அந்த விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. தீபாவளி விற்பனைக் காலத்தில் கடைக்குப் போனவர்களுக்கு இது தெரியும்: 55 வாங்க நினைத்துப் போய் 65ஐ ஏற்றிக்கொண்டு வருவதுதான் வழக்கமாகிவிட்டது.

வாங்குவது சுலபம். அதோடு ஏழெட்டு வருஷம் வாழ்வதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் ஓடும் படம் அந்த டிவிக்காகவே எடுத்த 4கே படம்: மெல்ல நகரும் மீன்கள், பூக்கள், தேன் சொட்டும் பழங்கள். வீட்டில் ஓடப்போவது டிவி2இன் தமிழ்ப்படம், வானவில் அலைவரிசை நிகழ்ச்சி, விண்மீன் அலைவரிசைத் தொடர், பூப்பந்து, யூடியூபில் யாரோ ஏற்றிய பழைய பாட்டு. ஒரு டிவியை எடைபோட வேண்டியது இவற்றை வைத்துத்தான்.

முதலில் சுவர். 65 அங்குலத் திரையின் அகலம் 144 சென்டிமீட்டர், உயரம் 81. இந்த எண்ணைக் கேட்டு மனசில் படம் வராது. பழைய நாளிதழ்களை ஒட்டி அதே அளவுக்கு ஒரு செவ்வகம் செய்து, சுவரில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி. சுவர் கடிகாரத்தில் இடிக்கிறதா, சுவிட்சை மறைக்கிறதா, சாமி மேடைக்கு நெருக்கமாகப் போகிறதா என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 105 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அதற்கு நேராக வர வேண்டுமானால், கீழ் விளிம்பு தரையிலிருந்து 65 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். பல வீடுகளில் டிவியை அலமாரிக்கு மேலே, கூரைக்குப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டரை மணி நேரப் படம் முடியும்போது கழுத்து சொல்லும்.

அடுத்தது தூரம். திரையின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி உட்காருவது சினிமா பார்க்க நல்லது. 65 அங்குலத்துக்கு அது எட்டு, எட்டரை அடி. பாண்டான் இண்டா பக்கத்து ஃபிளாட் ஹாலில் சோபாவுக்கும் எதிர்ச்சுவருக்கும் இருப்பது கிட்டத்தட்ட இதே எட்டரை அடிதான். சின்ன வீடு, அதனால் சின்ன டிவி என்ற கணக்கு இங்கே எடுபடாது. மாறாக, 22 அடி அகல லிங்க் வீட்டில் சோபாவைச் சுவரோரம் ஒட்டிப்போட்டு 13, 14 அடி தள்ளி உட்கார்ந்தால் 65 அங்குலம்கூட ஜன்னல் போலத் தெரியும். அங்கே 75க்குப் போகலாம், அல்லது சோபாவை முன்னால் இழுக்கலாம். இரண்டாவதற்குக் காசு வேண்டாம்.

ஆனால் நெருங்கி உட்கார்ந்தால் ஒரு சிக்கல் உண்டு. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பழைய தரத்தில் வரும் ஒளிபரப்பு ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. அதாவது வந்து சேரும் ஒரு புள்ளியை வைத்து, மீதிப் பத்தொன்பதையும் டிவியே ஊகித்து நிரப்புகிறது. இந்த ஊகத்தில்தான் விலை குறைந்த டிவிக்கும் நல்ல டிவிக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இருக்கிறது. ஊகம் மட்டமாக இருந்தால் முகங்கள் மெழுகுபோல வழுவழுப்பாகும், எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்ப்பதுபோல் புள்ளிகள் துடிக்கும். வாங்கப் போகும்போது ஒரு பென் டிரைவில் வீட்டில் பார்க்கும் பழைய பாட்டு ஒன்றைக் கொண்டுபோய், கடையில் உள்ள நான்கு டிவியிலும் ஓட்டிப் பார்த்தால் போதும். மீன் படத்தில் ஒரே மாதிரி ஜொலித்த நான்கும் நான்கு விதமாகத் தெரியும்.

பழைய தமிழ்ப்படங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1952இல் வந்த பராசக்தி போன்ற படங்களின் சட்டம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற சதுரச் சாயல். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது, இரண்டுக்கும் பொருந்தாது. 65 அங்குலத் திரையில் நாலுக்கு மூன்று படம் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு 53 அங்குல டிவி அளவுக்கு நிற்கும். ஸ்கோப் படம் அகலம் முழுதும் நிறைந்து, உயரத்தில் 81க்குப் பதில் 61 சென்டிமீட்டர்தான் பிடிக்கும். கறுப்புப் பட்டையைப் பார்த்தாலே சிலருக்குக் காசு வீணாகிறதே என்று தோன்றும், உடனே ரிமோட்டில் இழுத்து நிரப்பிவிடுவார்கள். அப்போது சிவாஜியின் முகம் பக்கவாட்டில் உப்பிவிடும், பத்மினியின் ஆட்டம் குட்டையாகிவிடும். படத்தை எடுத்தவர்கள் வைத்த சட்டத்திலேயே பார்ப்பதுதான் அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை. அமைப்பில் ‘ஒரிஜினல்’ என்று ஒன்று இருக்கும். ஒருமுறை அதைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட வேண்டும்.

இனி, ஓலெட் வாங்குவதா, எல்இடி வாங்குவதா? இதற்கு விடை சொல்வது வீட்டு வாசல். தாமான் லிங்க் வீடுகளில் ஹால் நேராகக் கார் போர்ச்சைப் பார்த்துத் திறக்கும். சறுக்குக் கண்ணாடிக் கதவு வழியாக மதியம் மூன்று மணி வெளிச்சம் தரையில் பாதிவரை வரும். தலைக்கு மேலே விசிறி, அதன் பக்கத்தில் டியூப் லைட்.

ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தேவையில்லாதபோது முழுதாக அணையும். அதனால் கறுப்பு என்றால் நிஜமான கறுப்பு. உதாரணத்துக்கு, 2023இல் வந்த எல்ஜி சி3இன் 65 அங்குல மாடலை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டு இல்லாமல் 16.6 கிலோ, நான்கு எச்டிஎம்ஐ 2.1 துளைகள், நொடிக்கு 120 படம். இரவு விளக்கணைத்துப் பொன்னியின் செல்வன் படத்தில் தீவட்டி வெளிச்சக் காட்சிகளைப் போட்டால், நெருப்பு மட்டும் சுடர, சுற்றியுள்ள இருட்டு சாம்பல் பூக்காமல் அப்படியே நிற்கும். அந்த இருட்டைச் சாதாரண எல்இடி திரை எதுவும் இவ்வளவு சுத்தமாகக் காட்டுவதில்லை. கபாலி படத்தின் இரவு நேரக் கோலாலம்பூரும் அப்படித்தான்.

பகலில் நிலைமை வேறு. இந்த வகை ஓலெட் திரை முழுக்க வெண்மையானால் ஏறக்குறைய 200 நிட் அளவுக்கு ஒளியைக் குறைத்துக்கொள்ளும். மினி எல்இடி டிவிகள் அதே நிலையில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஒளிரும். பளபளப்பான ஓலெட் கண்ணாடியில் விசிறியின் இறக்கை சுற்றிச் சுற்றி வரும், எதிர்ச்சுவரில் சாமி மேடை இருந்தால் விளக்கின் சுடர் கதாநாயகன் நெற்றியில் நின்று ஆடும். அதோடு, ஓலெட்டில் அசையாத சின்னமும் செய்தி ஓடும் பட்டையும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால், வருஷக்கணக்கில் அந்தத் தடம் திரையில் படிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் காலை பத்து மணிக்கு ஒரே அலைவரிசையைப் போட்டு இரவு பத்துக்குத்தான் அணைக்கிறார்கள் என்றால் ஓலெட் வேண்டாம். அந்த வீட்டுக்கு, பின்னொளியைப் பகுதி பகுதியாகக் குறைக்கத் தெரிந்த மினி எல்இடிதான் சரி. விலையும் குறைவு. இருட்டிய பிறகே டிவி பக்கம் வருகிறவர்கள், ஃபிளாட்டில் திரைச்சீலை இழுத்துவிட்டுப் படம் பார்க்கிறவர்கள் தாராளமாக ஓலெட்டுக்குப் போகலாம்.

டிவியைப் பொருத்திய முதல் நாளே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெட்டியிலிருந்து வரும்போது பெரும்பாலான டிவிகளில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கும். சினிமா நொடிக்கு 24 படம். இது நடுவே போலிப் படங்களைச் செருகி வழவழவென ஓடவைக்கும். பல கோடி செலவழித்து எடுத்த படம் வீட்டு வீடியோ மாதிரி ஆகிவிடும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று வீடியோ போட்டே கேட்டுக்கொண்டார்கள். மறு வருஷம் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஒரே பொத்தான் ஏற்பாடு வந்தது. தமிழ்ப்படத்துக்கும் அதையே போட வேண்டும்.

பூப்பந்துக்கு மட்டும் விதிவிலக்கு. ஸ்மேஷில் உலகச் சாதனை 2023இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் அடித்த மணிக்கு 565 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கிளம்பும் பந்து, நொடிக்கு 50 படம் காட்டும் ஒளிபரப்பில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் தாண்டிவிடும். கோர்ட்டின் மொத்த நீளமே 13.4 மீட்டர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்க ஆட்டம்வரை வந்து, 2025 உலகப் போட்டியில் வெள்ளி வென்ற பெர்லி டான் – தீனா முரளிதரன் ஜோடியின் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மெதுவாக வினைபுரியும் மலிவுத் திரையில் பந்துக்குப் பின்னால் வால் முளைக்கும். ஓலெட்டில் வெள்ளைப் பந்து வெள்ளைப் பந்தாகவே தெரியும். விளையாட்டுக்கு அந்த ஸ்மூத்திங்கை ஒரு படி மட்டும் ஏற்றிவைக்கலாம், தவறில்லை.

படத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒலியை விட்டுவிடக் கூடாது. தட்டைத் திரையின் பெரிய குறை அதுதான். உடம்பு மெலிந்தபோது ஸ்பீக்கரும் மெலிந்து, பெரும்பாலும் தரையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு அம்பாங் மலைப்பக்கமிருந்து மழை இறங்கி, போர்ச் ஆவ்னிங் தகரத்தில் சடசடவென அடிக்கத் தொடங்கினால் வசனம் ஒன்றும் கேட்காது. ஒலியைக் கூட்டினால் பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கும், மறுபடி குறைக்க வேண்டியிருக்கும். குரலுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் ஒன்றை, டிவியில் இஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் மாட்டுவதுதான் தீர்வு. காது மந்தமான பாட்டி, தாத்தா இருக்கும் வீட்டுக்கு 65ஐ 75 ஆக்குவதைவிட இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

மழையோடு இடி. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி இடிக்கும் வட்டாரம் இது. மின்னல் டிவியைக் கெடுப்பது நேராக விழுந்து அல்ல, பெரும்பாலும் வயர் வழியாக. கூரைமேல் உள்ள டிஷ்ஷிலிருந்து கேபிள் இறங்கி டிகோடருக்கு வரும், டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போகும். அந்தப் பக்கம் மின்கம்பி, இன்னொரு பக்கம் மோடம். இடி முழங்கியதும் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளி மின்னலுக்கு ஒரு தடையே இல்லை. இடி நெருங்கும் முன்பே மூன்றுமுனை பிளக்கை உருவ வேண்டும், டிகோடரின் டிஷ் கேபிளையும் திருகிக் கழற்ற வேண்டும். இதைச் செய்யக் கை நுழைய வேண்டுமல்லவா? டிவியைச் சுவரோடு ஒட்டி, பிளக்கைத் திரைக்குப் பின்னால் புதைத்துவிட்ட வீடுகளில் அது முடிவதில்லை. ஒயர்மேன் வரும்போதே பிளக் பாயிண்டைத் திரையின் ஓரத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். பின்புறச் சூடு தேடிப் பல்லியும் எறும்பும் குடியேறும் என்பதால் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது.

இடி இல்லாத வெறும் அடைமழையில் டிஷ் படம் உறைந்துபோனால், டிவிக்குள்ளேயே இருக்கும் டிவிபி-டி2 டியூனர் கைகொடுக்கும். அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபரோடு நாடு முழுக்க நின்றுபோனது. ஒரு சின்ன யுஎச்எஃப் ஆன்டெனா இருந்தால் டிவி2 மாதக் கட்டணம் இல்லாமல் வரும்.

ஃபிளாட்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. 65 அங்குலப் பெட்டி ஏறக்குறைய 160 சென்டிமீட்டர் நீளம். பணம் கட்டும் முன் லிஃப்ட்டின் உள் அளவை டேப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். படுக்கப்போட்டுத் தூக்கினால் திரை வளைந்து விரிசல் விடலாம், எப்போதும் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். வந்து இறங்கியதும், ஆட்கள் கிளம்பும் முன்பே, திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியையும் தெர்மாக்கோலையும் இரண்டு வாரமாவது வைத்திருக்க வேண்டும். மாற்றித் தரக் கடை மறுத்தால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளிவரை கோரலாம். ரசீதும் உத்தரவாத அட்டையும் மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.