கன்னத்துக்கு ஒரு துண்டு வாசலின் காஸ்

சென்னை சாத்தாங்காடு இரும்பு அங்காடியில் தகடு கையைக் கிழித்தால் நினைவுக்கு வருவது ஸ்டான்லி மருத்துவமனைதான். மருத்துவர் ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறையின் பெயர் அப்படி. எனக்கோ, எந்த அறுவை மேசையானாலும் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருத்துவரின் கைகள் மேல்தான் கண்.

மயங்கிக் கிடப்பவரால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. முதியவரின் தோல், தீயில் வெந்து ஆறிய தோல், எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பிறவி நோயால் லேசாக உரசினாலே கொப்பளிக்கும் குழந்தையின் தோல் எல்லாம் பிளாஸ்திரியோடு உரிந்து வந்துவிடும். அதனால் முகத்தில் மாஸ்க் பதியும் இடமெங்கும் வாசலின் காஸ், அதாவது வாசலின் தடவிய மெல்லிய வலைத்துணி. தாடையைத் தூக்கும் விரல்களிலும் வாசலின். நேரான அழுத்தத்தைத் தோல் ஓரளவு தாங்கும், உராய்வைத்தான் தாங்காது. தொண்டைக்குள் போகும் குழாயை ஒட்டாமல், மெத்தென்ற துணிநாடாவால் கட்டுவார்கள். இமைக்கும் ஒட்டு கிடையாது; களிம்பிட்டு ஈரக் காஸ் போடுவார்கள்.

சாதாரணத் தோலிலும் பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுக்காமல், ஒரு விரலால் தோலை அமுக்கிப் பிடித்து, பட்டையைப் பின்னோக்கி மடித்து மெல்ல உரிப்பவர்கள் இருக்கிறார்கள். என்ன நேர்த்தி அது! சிலிக்கான் ஒட்டுநாடா இருந்தால் வேலை இன்னும் சுலபம். இல்லாத இடத்தில் ஒரு டப்பா வாசலினும் கொஞ்சம் காஸும் வைத்தே சமாளித்துவிடுகிறார்கள்.