கூடாரமும் பங்களாவும்

தாமஸ் ராக்லண்டு ஐயரை நினைவில் வைத்திருப்பவர்கள் திருநெல்வேலிச் சபைகளிலேயே குறைவு. கால்டுவெல் ஐயருக்கு இடையன்குடியில் வீடு நிற்கிறது. ஜான் தாமஸ் ஐயருக்கு மெஞ்ஞானபுரத்தில் பனங்காட்டுக்கு மேலே எழும்பும் கோபுரம் நிற்கிறது. ராக்லண்டு விட்டுப்போனது ஓர் ஊழிய முறை. அதுவும் அவர் நினைத்தபடி நிலைக்கவில்லை. ஆனாலும், வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரி இந்த மண்ணில் எப்படிக் குடியிருக்க வேண்டும் என்ற கேள்வியை அவரளவுக்கு நேராகக் கேட்டவர் வேறொருவர் இல்லை.

கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1841இல் நான்காம் இடம் பெற்றவர் அவர். 1846இல் சென்னைக்கு வந்து சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராகக் கணக்கும் கடிதமுமாக உட்கார்ந்திருந்தார். அப்போதே திருநெல்வேலியின் தென்பகுதியில் மிஷன் வேலை வேரூன்றிவிட்டது. ஒவ்வொரு மையத்திலும் சுற்றுச்சுவர், பங்களா, கோவில், பள்ளிக்கூடம், விடுதி. ஐயர் காலையில் எழுந்தால் உபதேசிமார் சம்பளம், நிலத் தகராறு, கல்யாணப் பஞ்சாயத்து என்றே பொழுது போய்விடும். சிவகாசி, திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்று விரியும் வடபகுதியில் இந்த ஏற்பாடு எதுவும் பெரிதாக இல்லை. அங்கே பங்களா கட்டாமல் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போவது என்று ராக்லண்டு முடிவு செய்தார். 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

கரிசல் பூமியில் கூடார வாழ்க்கை என்னவென்று சங்கரன்கோவில் பக்கம் சித்திரை வெயிலில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊருக்கு வெளியே ஒரு தோப்பு, அதில் கூடாரம், அருகே மாட்டுவண்டி. விடியலில் ஒரு கிராமம், வெயில் தாழ்ந்ததும் இன்னொரு கிராமம். நடுப்பகலில் துணிக்கூரைக்குக் கீழே அனல். சுற்றியுள்ள ஊர்களைப் பார்த்து முடித்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தோப்பு.

இந்த முறையின் பலம், மிஷனரி கண்ணில் பட்டார் என்பது. பங்களாவுக்கு ஒரு காரியமாகத்தான் போக முடியும்; தோப்புக்கு வேடிக்கை பார்க்கவே போகலாம். அவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது முழங்கால் படியிடுகிறார், வேலைக்காரனிடம் எப்படிப் பேசுகிறார் என்று ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிரசங்கத்துக்கு முன்பே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். இன்னொரு பலம் அதிகம் பேசப்படாதது: தென்பகுதித் தமிழ்ச் சபைகள் உபதேசிமாரை முறைபோட்டு இந்த வேலைக்கு அனுப்பின, செலவையும் தாங்களே ஏற்றன. வெள்ளைக்காரர் தொடங்கிய ஊழியத்துக்குப் பனையேறிகளின் காணிக்கை போனது. மொழியும் வழக்கும் தெரிந்த அந்த உபதேசிமார் இல்லாமல் மூன்று கேம்பிரிட்ஜ்காரர்கள் கரிசல் காட்டில் என்ன செய்திருக்க முடியும்? சங்க வரலாறுகளில் இவர்கள் பெயர் அடிக்குறிப்பிலாவது வந்தால் அதிகம்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கூடாரம் கிளம்பிப் போய்விடும். ஒருவன் மனம் மாறினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே நாவிதர் வரமாட்டார், சலவைக்குத் துணி எடுக்கமாட்டார்கள், பொதுக் கிணற்றில் வாளி இறக்க முடியாது, குத்தகை நிலம் கைமாறும். அப்போது ஐயர் மூன்று தோப்பு தாண்டி இருப்பார். சுற்றுப்பயண ஊழியத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் இந்த மறுநாளைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இதைப் புரிந்துகொண்டிருந்தவர், அதற்குக் கால் நூற்றாண்டு முன்னதாகவே, பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் ஐயர். 1830இல் அவர் காலத்தில் தோன்றிய தரும சங்கம், துரத்தப்பட்டவர்களைக் குடியேற்ற நிலம் வாங்கியது. கிறிஸ்தவக் கிராமங்கள் எழுந்தன. அவை ஊரிலிருந்து ஊரைப் பிரித்தன என்று இன்று குறை சொல்வது எளிது. அடிபட்டு வந்தவனுக்கு அன்று ராத்திரி படுக்க இடம் கொடுத்தவை அவைதான்.

உடம்பும் கூடாரத்துக்கு ஒத்துழைக்கவில்லை. ராக்லண்டு நுரையீரல் நோயோடு நான்கு ஆண்டு தாக்குப்பிடித்தார். 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தபோது வயது 43. பிற்பாடு சிவகாசியை ஒட்டிச் சாட்சியாபுரம் நிலையான மிஷன் குடியிருப்பாக வளர்ந்தது. கூடாரம் கடைசியில் சுவராகிவிட்டது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். தங்காமல் ஒரு சபையை வளர்க்க முடியாது என்பதை அந்த முறையே நிரூபித்துக் காட்டியது.

அப்படியானால் தங்கியவர்கள்? கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். 1891இல் கோடைக்கானலில் இறந்து, இடையன்குடியில் அடக்கமானார். தெருவை நேராக்கினார், கிணறு வெட்டினார், கோவிலைப் பல்லாண்டு பாடுபட்டுக் கட்டினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் பிறந்த கதையை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே வந்து எட்டே ஆண்டில், தம் சபையில் பெரும்பாலோர் பிறந்த நாடார் சமூகத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 1849ஆம் ஆண்டு நூல், அந்த மக்களையே புண்படுத்தியது. படித்த தலைமுறை ஒன்று எழும்பி எதிர்த்தது. எழுதியபோது அவர் மனதில் இருந்த வாசகர் இங்கிலாந்தில் காணிக்கை அனுப்புகிறவர். பக்கத்துத் தெருவில் இருப்பவர் ஒருநாள் அதைப் படிப்பார் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். மிஷனரி எழுத்தின் பொதுநோய் இது. தாய்நாட்டில் இரக்கம் சுரக்க வேண்டுமானால், வந்திருக்கும் இடம் இருட்டாகத் தெரிய வேண்டும். நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகளும் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா இந்த மண்ணிலேயே வளர்ந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். இடையன்குடிப் பெண்களின் அன்றாடத்தை அதிகம் மாற்றியவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

வெயில் காலத்தில் மிஷனரிகள் மலைக்கு ஏறிவிடுவதையும் சிலர் குத்திக்காட்டுவார்கள். மதுரை அமெரிக்க மிஷன் 1845இல் கோடைக்கானலில் வீடு கட்டியது, சாவு மேல் சாவு விழுந்த பிறகு. நெல்லை மிஷனரிகளுக்குக் குற்றாலம் இருந்தது. இதில் நான் குறை காணவில்லை.

கூடாரத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் ஒரு வழி தேடியவர் ஏமி கார்மைக்கேல். ராக்லண்டைப் பற்றி 1922இல் ஒரு புத்தகமே எழுதியவர். 1895இல் இந்தியா வந்து 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடச் சொந்த ஊருக்கு விடுப்பில் போகவில்லை. முதலில் பெண்கள் குழுவோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். 1901இல் ப்ரீனா என்ற சிறுமி கோவில் தேவதாசி வாழ்க்கையிலிருந்து தப்பி அவரிடம் வந்ததும் வண்டி நின்றது. குழந்தைகளை வைத்துக்கொண்டு சுற்ற முடியாதே! சேலை கட்டினார். கையில் காப்பிச் சாயம் பூசிக்கொண்டார் என்ற கதையைப் பலரும் வியந்து சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. 1606லேயே மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, புலால் விட்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். கூடவே சாதி வரம்பையும் எடுத்துக்கொண்டார். உடை மாற்றம் அவ்வளவுதான் செய்யும். ஏமி செய்த பெரிய காரியம், நள்ளிரவில் அழும் குழந்தைக்கு எழுந்து பால் காய்ச்சிய ஆண்டுகள். சாதி கேட்காமல் ஒரே பந்தியில் பிள்ளைகளை வளர்த்தது. குறையும் அங்கேதான்: அந்த வளாகம் தனி உலகமாயிற்று. வெளி ஊரோடு பிள்ளைகளுக்கு இருந்த உறவு மெலிந்தது. எல்லாம் ஏமி அம்மாவின் சொல்லைச் சுற்றியே நடந்தது. எந்த வழக்கத்திலிருந்து அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் காப்பாற்றினாரோ, அந்தத் தேவதாசி வழக்கத்துக்குச் சட்டத்தின் வழியே முடிவு தேடியவர் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947இல்.

இத்தனை முறைகளையும் உரசிப் பார்க்க ஒரு கல்லைக் கொடுத்தவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்குச் சிநேகிதர்கள் வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கு வருவது, கூட உட்கார்ந்து சாப்பிடுவது போன்ற சாதாரண உறவைத்தான் கேட்டார். அந்தக் கல்லில் உரசினால் கூடாரமும் பங்களாவும் ஏறக்குறைய ஒரே மாற்றுத்தான். ராக்லண்டு மக்களிடம் போனார், ஆனால் அவர்களுடைய திண்ணையில் விருந்தாளியாகத் தங்கவில்லை. சமையல்காரரும் பாத்திரமும் அவரோடேயே பயணம் செய்தன. வாங்கிக்கொள்ளத் தெரியாத கொடையாளியாகவே பெரும்பாலான மிஷனரிகள் இருந்துவிட்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் பக்கத்திலேயே உண்டு. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போன முஸ்லிம் குடும்பங்கள் யாருக்கும் மதம் சொல்லப் போகவில்லை, பிழைக்கப் போனார்கள். அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைத்தார்கள். உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். வேலையும் வாடகை வீடும் கேட்டு இன்னொருவர் வாசலில் நின்றுதான் அவர்களுடைய அயல்நாட்டு வாழ்க்கை தொடங்கியது. வந்து பங்களா கட்டியவருக்கு இந்தத் தேவை வரவே இல்லை.

அசரியாவும் நண்பர்களும் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தமிழர்களைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு அனுப்பியது. அங்கே தமிழரும் அந்நியர்தான். எழுத்து முதல் சோறு வரை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அந்த வழியில் நெல்லை, தென்காசிச் சபைகளிலிருந்து இன்றும் வட மாநிலங்களுக்கு ஊழியர்கள் போகிறார்கள். அவர்களிடம் சந்தித்த கிராமங்களும் ஞானஸ்நானங்களும் எத்தனை என்று கேட்பதோடு, போன ஊரில் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், உங்கள் பிள்ளை யாரோடு விளையாடுகிறது என்றும் அனுப்பிய சபைகள் கேட்கலாம்.