அதே பெயர், அதே பாட்டில்

செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கையில், காய்ந்த எண்ணெயில் கல்பாசி விழுந்ததும் மழையில் ஊறிய மரப்பட்டைபோல ஒரு வாசம் எழும். அந்த வாசம் பழகியவர்களுக்கு ‘ஓக்மாஸ்’ என்றால் என்னவென்று எளிதில் புரிந்துவிடும். ஐரோப்பிய ஓக் மரங்களில் படரும் அந்தப் பாசியும் நம் கல்பாசியும் ஒரே லைக்கன் குடும்பம். ஆண்களுக்கான பழைய பிரெஞ்சு சென்ட்டுகள் பலவற்றுக்கு அடித்தளம் அந்த ஓக்மாஸ்தான்.

எட்மோன் ருட்னிட்ஸ்கா தியோர் நிறுவனத்துக்காக 1966இல் படைத்த ‘ஓ சோவாஜ்’ அந்த மரபின் உச்சம் என்பேன். மேலே எலுமிச்சையும் பெர்கமோட்டும். அடியில் பாசியும் வெட்டிவேரும் (பிரெஞ்சுக்காரர்கள் அந்த வேரைத் தமிழ்ப் பெயராலேயே அழைக்கிறார்கள்). இரண்டுக்கும் நடுவே, ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல, ஹெடியோன் என்ற செயற்கைப் பொருளின் மெல்லிய மல்லிகை. பாசியின் கனம் கீழே இருப்பதால்தான் மேலே உள்ள வெளிச்சம் நமக்குத் தெரிகிறது.

அந்தப் பாசி இன்று பழையபடி கிடைப்பதில்லை. அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டு பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. சர்வதேச நறுமணத் தொழில் கூட்டமைப்பு, தோலில் பூசும் சென்ட்டில் பாசிச் சாறு 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அந்த இரண்டு பொருள்களையும் தடை செய்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை உள்ள சரக்கு அங்கே கடைக்கே வரக்கூடாது. ஆகவே, அட்ரனால் நீக்கிய பாசிச் சாறோ எவர்னில் போன்ற செயற்கை மாற்றோ வந்து அந்த இடத்தை நிரப்புகிறது.

இந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். இத்தகைய தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும். எனக்குப் பிடித்த வாசத்துக்காக இன்னொருவர் கழுத்து தடித்து அரிக்கட்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. மாற்றி அமைப்பதும் லேசான வேலையல்ல. ஒரு பொருளை எடுத்தால், அதோடு இழைந்திருந்த மற்றவற்றின் அளவையும் தொட்டாக வேண்டும். வீட்டில் புளியை மாற்றினால் உப்பையும் காரத்தையும் மறுபடி பார்க்கிறோமே, அப்படி.

பழையதே உயர்ந்தது என்று சாதிப்பதிலும் ஒரு பிழை உண்டு. நண்பர் ஒருவர் வைத்திருந்த பழைய பாட்டிலையும் அதே சென்ட்டின் புதிய பாட்டிலையும் இரண்டு காகிதக் கீற்றுகளில் தெளித்து முகர்ந்து பார்த்தேன். பழையதில் எலுமிச்சை கெட்டு, வார்னிஷ்போல நெடியடித்தது. புதியதில் பழத்தோலை அப்போதுதான் கிள்ளியதுபோல் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து நிலைமை தலைகீழ். பழைய கீற்றில் ஈரமண் வாசம் நின்றது. புதியதில் சலவைத் துணியின் சுத்தம் மட்டுமே மிச்சம். இந்த வேறுபாட்டில் சூத்திரத்தின் பங்கு எவ்வளவு, பாட்டிலின் வயது எவ்வளவு என்று என் மூக்கால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் தயாரிப்பாளர்கள். அவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. என் குற்றச்சாட்டு இங்கேதான். நூலைத் திருத்தினால் ‘திருத்திய பதிப்பு’ என்று போடுகிறோம். சென்ட்டில் மட்டும் உள்ளே இருப்பது மாறியும் பெயரும் பெட்டியும் விளம்பரமும் அப்படியே தொடர்கின்றன. சூத்திரம் தொழில் ரகசியம் என்பதால், செய்த மாற்றம் சட்டத்துக்காகவா செலவைக் குறைக்கவா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. நேர்மையாக மாற்றியவர்மீதும் இதனால் சந்தேகம் விழுகிறது.

வெர்சாயில் 1990இல் தொடங்கிய ஒஸ்மொதேக் என்ற காப்பகம், பழைய சென்ட்டுகளை 12 டிகிரி குளிரில், ஆர்கான் வாயுவின் கீழ் பாதுகாக்கிறது. அங்கே போனால் முகரலாம். வாங்கிப் பூசிக்கொள்ள முடியாது. கடைக்குப் போகிறவருக்குத் தேவை அவ்வளவு பெரிய ஏற்பாடல்ல. 2005 முதல் ஐரோப்பாவில் குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருள்களின் பெயர்களைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுகிறார்கள். ஓக்மாஸும் அந்தப் பட்டியலில் உண்டு. சூத்திரம் கடைசியாக மாறிய ஆண்டையும் அதே இடத்தில் போடலாம். நான்கு இலக்கம்தான்.